எஃப்.எஸ்.சி. முத்திரை போட்ட காட்டு மரத்தில் வெளித்தளம் அமைக்கலாமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வீடு கட்டும் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பசுமைக் கட்டடச் சான்று பெற முயல்கிறார்கள். பின்புறம் சுமார் 430 சதுர அடிக்கு, வெயிலும் மழையும் நேராகப் படும் இடத்தில் மரத்தளம் அமைக்க வேண்டும். பிரேசிலிலிருந்து வரும், எஃப்.எஸ்.சி. (பொறுப்பாகப் பராமரிக்கும் காடுகளுக்கான உலகளாவிய சான்று அமைப்பு) சான்று பெற்ற ஈப்பே மரத்தைப் போடலாம் என்பது கட்டடக் கலைஞரின் யோசனை. "அமேசான் மரத்தை வெட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அதற்குப் பசுமை என்று பெயர் வைப்பது சரியா? பிளாஸ்டிக் கலந்த பலகையே மேல் இல்லையா?" என்பது அவர் கேள்வி.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. காட்டில் மரம் வெட்டிக்கொண்டே காட்டையும் காப்பாற்ற முடியுமா? முடியும் என்றால், என் வீட்டுக்கு வரும் பலகை அப்படிப்பட்ட காட்டிலிருந்துதான் வந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதுவும் தெரிந்த பிறகு, என் வீட்டுக்கு அந்த மரம்தான் வேண்டுமா? முதலாவதற்கு 'முடியும்' என்பதே என் பதில். இரண்டாவதற்கு வழி இருக்கிறது, ஆனால் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். மூன்றாவதற்கு, உங்கள் வீட்டுக்கு ஈப்பே வேண்டாம் என்று சொல்வேன்.

கட்டடங்களுக்கு மரம் தேர்ந்தெடுத்து வாங்கித் தருவதும், பசுமை மதிப்பீட்டுக்கான ஆவணங்களைத் திரட்டுவதும் நான் நீண்ட காலமாகச் செய்துவரும் வேலை. காட்டியல் என் படிப்பு அல்ல. மரவாடியில் பலகை வந்து இறங்கியதிலிருந்து அது இற்றுப்போகும் வரை நடப்பதைக் கண்ணால் கண்டு சொல்கிறேன். காட்டுக்குள் நடப்பதை ஆய்வுகளைப் படித்தே சொல்கிறேன். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஈப்பேயை ஏன் எல்லோரும் கேட்கிறார்கள் என்பதில் மர்மம் இல்லை. நல்ல தேக்கு ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 650 கிலோ எடை இருக்கும். ஈப்பே 1,000 கிலோவைத் தாண்டும். தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கிவிடும். ஐரோப்பியத் தர வரையறையில், இயற்கையாகவே பூஞ்சையைத் தாங்கும் மரங்களின் முதல் வகுப்பில் அது இருக்கிறது. மருந்து பூசாமலே வெயிலிலும் மழையிலும் பல பத்தாண்டுகள் நிற்கும். நியூயார்க் நகரின் கடற்கரை நடைபாதைகளில் பல மைல் நீளத்துக்கு அதைத்தான் பதித்தார்கள். பெங்களூர்ச் சாலைகளில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும் தபேபுயாவுக்கு நெருங்கிய உறவு இந்த மரம்.

அதன் குறை காட்டில்தான் இருக்கிறது. ஈப்பே தோப்பாக வளர்வதில்லை. பல ஹெக்டேருக்கு ஒரு பெரிய மரம் என்ற அளவில் சிதறி நிற்கும், மெதுவாக வளரும். பிரேசிலின் விதிப்படி 50 செ.மீ. விட்டத்துக்குக் குறைந்த மரத்தை வெட்டக்கூடாது, ஒரு ஹெக்டேரில் 30 கன மீட்டருக்கு மேல் எடுக்கக்கூடாது, ஒரு முறை வெட்டிய இடத்துக்கு 25 முதல் 35 ஆண்டுகள் ஓய்வு தரவேண்டும், ஒவ்வோர் இனத்திலும் ஒரு பங்கு மரங்களை விதைக்காக விட்டுவைக்க வேண்டும். காகிதத்தில் நல்ல விதிகள்தான். ஆனால் அவை காட்டை மொத்தமாகப் பார்த்து எழுதப்பட்டவை. இந்த விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும், 35 ஆண்டு கழித்து வரும்போது முதல் முறை கிடைத்த அளவு ஈப்பே கிடைக்காது என்றே கள ஆய்வுகள் காட்டுகின்றன. மற்ற மரங்கள் மீண்டு எழும் காட்டிலும் இந்த ஓர் இனம் மட்டும் மெலிந்துகொண்டே போகும்.

இதற்கு மேல் மோசடி வேறு. வெட்டுவதற்கு முன்பு மரங்களைக் கணக்கெடுக்கும்போதே, இல்லாத ஈப்பே மரங்களை இருப்பதாக எழுதிவிடுவார்கள். அந்தக் கணக்கில் உள்ள 'மரத்துக்கு' அனுமதிச் சீட்டு கிடைக்கும். வேறெங்கோ பழங்குடியினர் நிலத்தில் திருட்டுத்தனமாக வெட்டிய மரம் அந்தச் சீட்டோடு ஊருக்குள் வரும். பாரா மாநிலத்தின் அனுமதிப் பத்திரங்களை ஆராய்ந்த பிரேசில் ஆய்வாளர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் 2018-ல் இதைத் தனித்தனியே வெளிக்கொண்டுவந்தார்கள். விலை உயர்ந்த ஈப்பேயில்தான் இந்தப் புளுகு அதிகம். ஆகவே 'சட்டப்படி வெட்டிய மரம்' என்று ஒரு வியாபாரி சொன்னால், அதை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் சைட்டீஸ். 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய அதன் மாநாடு, ஈப்பே, அதைப்போலவே வெளித்தளத்துக்குப் பயன்படும் குமாரு ஆகிய இரண்டு மரவகைகளையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. 2024 நவம்பர் 25 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஏற்றுமதியாகும் ஒவ்வொரு சரக்குக்கும், இந்த வெட்டால் இனத்துக்குக் கேடில்லை என்று ஏற்றுமதி நாடு கண்டறிந்து கொடுக்கும் அனுமதி வேண்டும். இது தடை அல்ல. ஆனால் உலக நாடுகள் கூடி இப்படி ஒரு கடிவாளம் போட நேர்ந்த மரம் அது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இதைப் படித்ததும், காட்டு மரமே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இங்கேதான் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் வடக்கே உள்ள பெத்தேன் பகுதியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். பொதுமக்கள் அதிகம் அறியாத கதை அது. 1990-ல் அங்கே சுமார் 21 லட்சம் ஹெக்டேரில் மாயா உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா, யாரும் எதையும் வெட்டக்கூடாது. இன்னொரு பகுதியில் 1994 முதல் உள்ளூர்ச் சமூகங்களுக்கு 25 ஆண்டு ஒப்பந்தத்தில் காட்டைப் பொறுப்பாகக் கொடுத்தார்கள். எஃப்.எஸ்.சி. சான்று பெற்றாக வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனை. வாஷக்தூன் என்ற ஊர் மட்டும் 80,000 ஹெக்டேருக்கு மேல் பார்த்துக்கொள்கிறது. ஒவ்வோர் ஆண்டும் காட்டின் ஒரு சிறு துண்டில் மட்டும் வெட்டுவார்கள். அந்தத் துண்டிலுள்ள வெட்டத்தக்க மரம் ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு வரைபடத்தில் குறிப்பார்கள். எது விதை மரம், எது வெட்டும் மரம், எந்தப் பக்கம் சாய்ப்பது, எந்த வழியாக இழுத்து வருவது என்பதெல்லாம் கோடாரி தொடும் முன்பே முடிவாகிவிடும். மரம் தவிர, பூங்கொத்துகளில் வைக்கும் ஷாத்தே இலை, சூயிங்கம் தயாரிக்கும் சிக்கிளே பால் ஆகியவையும் அவர்களுக்கு வருமானம்.

முப்பது ஆண்டுகளில் நடந்தது என்ன? மரம் வெட்டும் உரிமை பெற்ற, உயிரோடு இயங்கும் சமூகக் காடுகளில் காடழிப்பு மிகக் குறைவு. யாரும் கோடாரி வைக்கக்கூடாது என்று சட்டம் போட்ட லகுனா தெல் திக்ரே தேசியப் பூங்காவோ மாட்டுப் பண்ணைக்காரர்களாலும் தீயாலும் பெரும்பரப்பை இழந்துவிட்டது. இது நான் இந்தத் துறையில் படித்தவற்றிலேயே என்னை மிகவும் அசைத்த ஒப்பீடு. காட்டிலிருந்து ஒரு குடும்பத்துக்குச் சோறு வருகிறது என்றால், அந்தக் காட்டுக்கு நெருப்பு வைக்க வருபவனை அந்தக் குடும்பம் தடுக்கும். ஆனாலும் இதை மிகைப்படுத்தக்கூடாது. ஒப்பந்தம் பெற்ற சில சமூகங்கள் பண்ணைக்காரர்களிடம் நிலத்தை இழந்தன, அவற்றின் ஒப்பந்தங்கள் ரத்தாயின. வெற்றி பெற்ற காடுகளில் பல, சாலை போகாத தொலைவில் இருப்பவை. காடு பிழைத்ததற்குச் சான்றிதழ் எவ்வளவு காரணம், மக்களின் உரிமை எவ்வளவு காரணம், தொலைவு எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. உரிமைதான் பெரிய காரணம், சான்றிதழ் அதற்குத் துணை என்பது என் கணிப்பு.

பெத்தேனில் கற்ற இன்னொரு பாடம் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும். அந்தச் சமூகங்கள் தொடக்கத்தில் மகாகனி, செத்ரோ என்ற இரண்டே மரங்களின் விலையை நம்பியிருந்தன. பிறகு சாந்தா மரியா, மஞ்சிச்சே போன்ற, பெயர் கேட்டிராத மரங்களுக்கும் வெளிநாட்டில் ஆள் தேடினார்கள். மஞ்சிச்சே வெளித்தளத்துக்கு நன்றாக உழைக்கும் மரம். காடு இருபது வகை மரங்களைக் கொடுக்கும்போது வாங்குபவர்கள் எல்லோரும் ஒரே வகையைக் கேட்டால், அந்த ஒரு வகை தேய்ந்துபோகும், மற்றவை விலை போகாமல் நிற்கும், காட்டின் வருமானம் வற்றும். அமேசானிலும் இதே நிலைமைதான். மசரந்துபா, ஆஞ்சலிம் வெர்மெல்யோ போன்றவை வெளித்தளத்துக்குப் போதுமான உறுதியும் ஆயுளும் உள்ளவை, ஆனால் ஈப்பே அளவுக்கு விலை போவதில்லை. 'ஈப்பே வேண்டும்' என்று கேட்காமல், 'சான்று பெற்ற உங்கள் காட்டில் இப்போது நிறையக் கிடைக்கும், முதல் வகுப்பு ஆயுள் உள்ள மரம் எது?' என்று கேட்பவர்தான் அந்தக் காட்டுக்கு உதவுகிறார். என் அனுபவத்தில், நம் ஊர் வாடிக்கையாளர்களில் இப்படிக் கேட்பவர் அரிது. கட்டடக் கலைஞர்களும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இனி இரண்டாவது கேள்வி, காகிதங்கள். விற்பனையாளர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழைக் காட்டினால், அந்த நிறுவனம் சான்று பெற்ற மரத்தைக் கையாளத் தகுதி பெற்றது என்று மட்டுமே அதற்குப் பொருள். உங்களுக்கு வரும் பலகை சான்று பெற்றது என்பதற்கு ஆதாரம் விற்பனைப் பில்லில் இருக்க வேண்டும். பில்லில் அந்தப் பொருளின் வரிக்கு எதிரே 'எஃப்.எஸ்.சி. 100%' என்றோ 'எஃப்.எஸ்.சி. மிக்ஸ்' என்றோ எழுதியிருக்க வேண்டும், விற்பவரின் சான்றுக் குறியீட்டு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை எஃப்.எஸ்.சி.யின் பொதுத் தரவுத்தளத்தில் இட்டுப் பாருங்கள். சான்று நடப்பில் இருக்கிறதா, நீங்கள் வாங்கும் பொருள் வகை அதற்குள் அடங்குகிறதா, எந்த மர இனம் என்று குறித்திருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். காட்டிலிருந்து உங்கள் வாசல் வரை கைமாறும் இடங்களில் ஒரே ஒருவருக்குச் சான்று இல்லாமல் போனாலும் சங்கிலி அறுந்துவிடும். என்னிடம் வந்த ஒரு கோப்பில் இறக்குமதியாளரின் பில் வரை எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாகக் கைமாற்றி விற்ற கடைக்குச் சான்று இல்லை. பில்லில் வெறுமனே 'ஹார்டுவுட் டெக்கிங்' என்று எழுதி, பக்கத்தில் ரப்பர் முத்திரையால் எஃப்.எஸ்.சி. என்று குத்தியிருந்தார்கள். மரம் உண்மையிலேயே நல்ல காட்டு மரமாக இருந்திருக்கலாம். ஆனால் மதிப்பீட்டுக்கு அது செல்லாது. 'மிக்ஸ்' என்ற சொல்லுக்கும் பொருள் உண்டு: சான்று பெறாத, ஆனால் குறைந்தபட்ச வடிகட்டலுக்கு உட்பட்ட மரமும் கலந்திருக்கலாம். ஒட்டுப்பலகைக்கு அது போதும். முழுப் பலகை வாங்கும்போது 100% கேளுங்கள்.

பலகை ஈப்பேதானா என்று ஐயம் வந்தால் ஒரு சோதனை. அறுத்த தூளில் கொஞ்சம் எடுத்து, தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை விடுங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் சிவப்பதுபோல் அந்தத் தூள் ஆழ்ந்த சிவப்பாகும். அதன் நாளங்களில் மஞ்சள் பொடியாகப் படிந்திருக்கும் லப்பச்சால் என்ற பொருள் காரம் பட்டதும் நிறம் மாறுவதே காரணம். இந்தச் சோதனை மரத்தின் இனத்துக்குத்தான் ஒரு குறிப்பு தரும், எந்தக் காடு என்பதைச் சொல்லாது. அதே தூள் தோலிலும் மூச்சுக்குழலிலும் எரிச்சல் தரக்கூடியது. அறுக்கும் ஆசாரிக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

புள்ளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. லீட் என்ற அமெரிக்கப் பசுமைக் கட்டட மதிப்பீட்டின் 2009 பதிப்பில், கட்டடத்தில் நிரந்தரமாகப் பதிக்கும் புதிய மரப் பொருள்களின் மொத்த விலையில் பாதியாவது எஃப்.எஸ்.சி. மரமாக இருந்தால் ஒரு புள்ளி கிடைத்தது. நான்காம் பதிப்பில் அதைத் தனியே வைக்காமல், மறுபயன்பாட்டுப் பொருள், மறுசுழற்சிப் பொருள் ஆகியவற்றோடு சேர்த்து, மொத்தக் கட்டுமானப் பொருள் விலையில் 25 விழுக்காடு என்ற கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். சிமென்ட், கம்பி, டைல்ஸ், கண்ணாடி என்று எல்லாம் சேர்ந்த தொகையில் 430 சதுர அடி மரத்தளம் எந்த மூலைக்கு? இந்தியப் பசுமை மதிப்பீடுகளான ஐ.ஜி.பி.சி., கிருஹா திட்டங்களின் விதிகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறும், உங்கள் ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் புள்ளிக்காக மட்டும் இந்த மரத்தை வாங்காதீர்கள்.

தளம் எத்தனை காலம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் செய்யும் விவரங்கள். இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்: மேலே வைரம் பாய்ந்த பலகை கல்லைப்போல் இருக்கும், அதைத் தாங்கும் சட்டம் கீழே பஞ்சாக இற்றுக் கிடக்கும். காரணம், பலகைக்குக் கொட்டிக் கொடுத்தவர்கள் சட்டத்துக்கு மலிவான பைன் மரத்தைப் போட்டிருப்பார்கள். பலகைக்கு ஈடான ஆயுள் சட்டத்துக்கும் வேண்டும். உங்கள் இடம் கடற்கரை என்பதால் அலுமினியச் சட்டமே சிறந்தது. சட்டத்துக்கும் தரைக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும், பலகைகளுக்கு இடையே 5 அல்லது 6 மி.மீ. இடைவெளி வேண்டும். பலகையை அறுத்த கையோடு அதன் முனையில் மெழுகு பூச வேண்டும், இல்லையேல் வெயிலில் முனை வெடிக்கும். திருகாணிக்கு முன்கூட்டியே துளையிட வேண்டும். உப்புக்காற்று வீசும் இடத்தில் 316 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். சாதாரண இரும்பைப் போட்டால், மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் கருப்பு வளையம் படரும். எண்ணெய் பூசாவிட்டால் எந்த மரமும் ஓரிரு ஆண்டில் சாம்பல் நிறமாகும். அது நிறமாற்றம்தான், பழுது அல்ல. அதற்காகப் பலகையை மாற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அளவையும் யோசியுங்கள். 430 சதுர அடி என்பது 40 சதுர மீட்டர். 21 மி.மீ. பலகை என்றால் 0.84 கன மீட்டர் மரம். பிரேசில் அரசு 2016-ல், உருட்டுமரத்தில் 45 விழுக்காடு பலகையாகும் என்ற கணக்கை 35 ஆகக் குறைத்தது. பழைய கணக்கின் இடைவெளியில் திருட்டு மரம் நுழைந்துகொண்டிருந்ததே காரணம். அந்த 35-ஐ வைத்துப் பார்த்தால் உங்கள் தளத்துக்குச் சுமார் 2.4 கன மீட்டர் உருட்டுமரம் வேண்டும். கழிவு தனி. நாற்காலி போட்டு உட்காரும் இடத்துக்கு மட்டும் மரம், மீதிக்குக் கடப்பாக்கல் என்று வைத்தால் அதில் பாதி மிச்சம். மரத்தளம் கார்பனைச் சேமிக்கிறது என்ற விளம்பரத்தையும் நிதானமாகப் படியுங்கள். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன் என்பது உறுதியான செய்தி. ஆனால் காட்டில் விட்டுவந்த கிளை, உடைந்த பக்கத்து மரங்கள், இழுவைப் பாதை, ஆலைக் கழிவு ஆகியவற்றைக் கழித்த பிறகும் லாபம் மிஞ்சுமா என்பது காட்டுக்குக் காடு மாறும். இயற்கைக் காட்டு மரத்துக்கு நான் அந்த லாபத்தைக் கணக்கில் எழுதுவதில்லை.

பிளாஸ்டிக் கலந்த பலகையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருந்தால் நல்லதுதான், பராமரிப்பும் குறைவு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அடர்நிறப் பலகை வெறுங்காலில் மிதிக்க முடியாதபடி சுடும், நீளவாக்கில் விரியும். ஆயுள் முடிந்ததும் மரமும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாமல் கலந்த அந்தப் பொருளை மறுபடி எடுத்துக்கொள்பவர் அநேகமாக இல்லை. வெப்பத்தால் பக்குவப்படுத்திய மரம் பூஞ்சையைத் தாங்கும். ஆனால் கரையானையும் தாங்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. தோட்டத் தேக்கு நல்ல தேர்வு. ஆனால் 20, 25 ஆண்டில் வெட்டிய தேக்கில் வெளிப்புற வெள்ளை மரம் அதிகம், நடுவிலுள்ள வைரம் குறைவு. வெள்ளை வெளியில் நிற்காது. வைரப் பகுதியை மட்டும் பிரித்துத் தரச் சொல்லி, கூடுதல் விலையைக் கொடுத்து வாங்குங்கள்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் முதலில் பழைய தேக்கைத் தேடுவேன். இடித்த வீடுகளின் உத்திரங்களும் விட்டங்களும் காரைக்குடிப் பக்கமும் சென்னையிலும் விற்பனைக்கு வருகின்றன. நூறாண்டு காய்ந்த பர்மா தேக்கு, அதற்காக இன்று எந்த மரமும் விழ வேண்டியதில்லை. லீட் கணக்கிலும் மறுபயன்பாட்டுப் பொருளாக அதற்கு இடம் உண்டு. ஒரு நிபந்தனை: மரத்துக்காகவே நல்ல வீட்டை இடித்து விற்பவரிடம் வாங்காதீர்கள், எந்த வீடு, ஏன் இடிந்தது என்று கேளுங்கள். அறுக்கும் முன் உலோகங்காட்டியால் பழைய ஆணிகளைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அறுவை ஆலைக்காரர் தொடவே மாட்டார். பழைய தேக்கு போதிய அளவு கிடைக்காவிட்டால் தோட்டத் தேக்கின் வைரம். அதுவும் அமையாவிட்டால், பில்லில் எஃப்.எஸ்.சி. 100% என்று எழுதித் தரும் விற்பனையாளரிடம், ஈப்பேயும் குமாருவும் தவிர்த்த கடின மரம். கட்டடக் கலைஞர் ஈப்பேயில் உறுதியாக நின்றால், விலைப்புள்ளியோடு மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: விற்பனையாளரின் சான்றுக் குறியீட்டு எண், மரத்தின் தாவரவியல் பெயர், அந்தச் சரக்குக்கான சைட்டீஸ் அனுமதியின் நகல். சரக்கு 2024 நவம்பருக்கு முன்பே வந்தது என்றால் வந்த தேதிக்கான ஆவணம் கேளுங்கள். அவை கைக்கு வந்ததும், பெயர் விவரங்களை மறைத்துவிட்டு இங்கேயே பதியுங்கள். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துச் சொல்கிறேன்.